ஊட்டும்போது பேசக் கூடாது என்றேன்

என் பேத்திக்கு ஆறு மாதம் முடிந்து கஞ்சி கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளுடைய கிண்ணம் என் அதிகாரத்தில் இருந்தது. உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம், ஒரு வயதுக்கு முன் தேன் தொட்டு வைக்கவே கூடாது என்றேன். பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்ன உறவுக்காரர்களோடு வாசலிலேயே தர்க்கம் செய்தேன். கேழ்வரகுக் கஞ்சி, குழைத்த பருப்புச் சோறு, வேகவைத்து மசித்த நேந்திரம்பழம் என்று நானே தீர்மானித்தேன். அதில் தவறில்லை. தடுப்பூசிக்குப் போனபோது எடையைப் பார்த்து டாக்டர் பாராட்டினார். அந்தப் பாராட்டில்தான் நான் கெட்டேன். குழந்தை விஷயத்தில் இந்த வீட்டில் எல்லாம் தெரிந்தவன் நான்தான் என்று நம்பத் தொடங்கினேன்.

எங்கள் வீடு கேரள எல்லைக்குள், எருத்தேன்பதிப் பக்கம். நான் தமிழ்ப் பள்ளியில் படித்து, மலையாளத்தில் நடக்கும் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மலையாள எழுத்தில் யாரும் பிழை கண்டதில்லை. வாயைத் திறந்தால்தான் சிரிப்பார்கள். "பாண்டி வந்நு" என்று, தமிழன் வந்துவிட்டான் என்ற கேலியாக, முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் வரும். பேத்திக்கு அது நேரக் கூடாது என்று நினைத்தேன். அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். பாப்பா காதில் தமிழ் விழக் கூடாது, மலையாளம் முதலில் படியட்டும்.

கோயம்புத்தூரில் வேலை பார்த்துச் சனிக்கிழமைகளில் வரும் என் மகன், "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். மருமகள் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். அவளுக்கு மலையாளம் கேட்டால் ஓரளவு புரியும், பேச வராது. நான் சில வாக்கியங்கள் சொல்லிக் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் அவள் கரண்டியை நீட்டி, "வாய தொறக்கு மோளே" என்றாள்.

"தொறக்கு இல்ல அம்மிணி, துறக்கு. எங்கே, இன்னொருக்கா சொல்லு" என்றேன்.

அவள் சொன்னாள். நான் அதை அவளைப் போலவே சொல்லிக் காட்டினேன். மகன் சிரித்தான். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

"சிரிச்சு முடிச்சுட்டீங்கன்னா சொல்லுங்க. கஞ்சி ஆறுது" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஊட்டும்போது எந்த மொழியிலும் பேசவில்லை. போனில் மலையாளப் பாட்டை ஓடவிட்டு, தம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு ஊட்டினாள். குழந்தை அடம் பிடிக்காமல் சாப்பிட்டது. அதிலும் எனக்குப் பெருமைதான்.

ஒன்றரை வயதாகியும் குழந்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் காட்டும், கிடைக்காவிட்டால் அழும். எங்கள் தாலுக்கா ஊரான சித்தூரில் அதே டாக்டரிடம் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது என்று சோதித்துச் சொன்னார்கள். பிறகு டாக்டர் என்னைப் பார்த்து, வீட்டில் அம்மா குழந்தையோடு பேசுவதில்லையா என்று மலையாளத்தில் கேட்டார்.

உண்மையைச் சொல்ல அதுதான் இடம். என்னைப் பாராட்டிய டாக்டர் என்பது குறுக்கே நின்றது. "அவள் ஒரு மிண்டாப்பிராணியாணு டாக்டரே" என்றேன். வாயில்லா ஜீவன் என்று பொருள். எப்போதும் வராத சுத்தத்தோடு அன்று அந்த மலையாளம் என் வாயில் வந்தது. டாக்டர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். ஊட்டும்போது போனை எடுத்துவிட்டு, தெரிந்த மொழியில் நிறையப் பேசச் சொல்லுங்கள் என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் அவளிடம், "எடை நல்லா இருக்குதாம். பேச்சு தானா வருமாம்" என்றேன்.

அவள் குழந்தையை மடியில் சரித்துக்கொண்டாள். "டாக்டர் சொன்னது எனக்குப் புரிஞ்சுதுங்க மாமா. நீங்க சொன்னதும் புரிஞ்சுது. பால் சொசைட்டியில மாட்டைத்தான் அப்படிச் சொல்லுவாங்க."

நான் சாலையைப் பார்த்தேன்.

"எனக்கொண்ணும் பேச்சு வராம இல்லீங்க. பேச வேண்டாம்னது நீங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்ட அதை நீங்களே சொல்லோணுமுங்க." ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

அன்று மாலையே போன் அலமாரிக்குள் போனது. முற்றத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ஊட்டினாள். "ஆ காட்டு சாமி. காக்காய்க்கு ஒரு வாய். கன்னுக்குட்டிக்கு ஒரு வாய். அப்பாருக்குக் குடுக்கலாமா? வேண்டாம் கண்ணு, அவருக்குப் பேச்சுக் கொஞ்சம் ஜாஸ்தி." அப்பாரு என்றால் தாத்தா, நான்தான்; என் காதில் விழட்டும் என்றே சொன்னாள். ஊட்டி முடிக்க முன்பைவிட இரு மடங்கு நேரம் ஆனது. பாதி சோறு தரையில் கிடந்தது. இத்தனை காலம் இந்தப் பேச்சை அவள் எங்கே அடக்கி வைத்திருந்தாள் என்று நினைத்தபோது எனக்கு உள்ளே போய்விடத் தோன்றியது.

அடுத்த முறை போனபோது குழந்தையிடம் சில சொற்கள் இருந்தன. புவ்வா, காக்கா, வேண்டா. டாக்டர் கேட்பதற்கு முன் நானே சொன்னேன். தமிழ் பேசக் கூடாது என்று தடுத்தது நான், அவள் பேசாமல் போனதற்கு நான் கேலி செய்ததுதான் காரணம், போன தடவை உங்களிடம் சொன்னது பொய் என்றேன். மலையாளத்தில் தடுமாறித் தடுமாறித்தான் சொல்ல முடிந்தது. மருமகள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தம் நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, "குட்டி என்னெல்லாம் பேசுது, சொல்லும்மா" என்று தமிழில் கேட்டார். எங்கள் தாலுக்காவில் தமிழ் தெரியாத டாக்டர் அபூர்வம். அது எனக்கும் தெரிந்ததுதான். அவள் சொல்லத் தொடங்கினாள். நான் எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.