நாலு கட்டத்தில் ஒரு புத்திமதி

எழுபதுகளின் கடைசியில், எங்கள் டெல்லி ஆபீஸில் புதிதாகச் சேரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் புத்திமதி சொன்னதில்லை, படம் போட்டுக் கொடுத்தேன். வாயால் சொன்னால் "சரிக்கா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வீணாய்ப்போன டைப் தாளின் பின்பக்கம் நாலு கட்டம், கட்டத்துக்கு ஒரு வசனம். எனக்கு அது நன்றாகவே வரும், தன்னடக்கமெல்லாம் எதற்கு.

எங்கள் செக்‌ஷனில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ப்ரொபேஷன் முடியும் நேரம். அதிகாரி நல்லதாக நாலு வரி எழுதினால்தான் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரில் அவள் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பமே இருந்தது.

வேலையில் கெட்டிக்காரி. சிக்கல் மத்தியானச் சாப்பாட்டில்தான். குளிர்காலத்தில் லன்ச் என்றால் ஆபீஸே வெயில் காயப் புல்வெளிக்குப் போய்விடும். வேர்க்கடலை, ஸ்வெட்டர் பின்னல், சீட்டுக்கட்டு. யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று அதிகாரிக்குத் தெரிவதே அங்கேதான். நம்மவர்களோ டப்பாவை மேஜையிலேயே திறந்து, ஒரு கையில் தயிர்சாதம், மறு கையில் ஃபைல் என்று உட்கார்ந்திருப்பார்கள். உழைப்பு தானாகப் பேசும் என்று நினைப்பு. எங்கே பேசும்? அவள் எழுதிய கடிதங்களைப் பக்கத்து சீட்டுக்காரர் தன்னுடையது என்று வெயிலில் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றே வரைந்தேன். முதல் கட்டத்தில் ஃபைல் குவியலுக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டு டப்பா, இரண்டு கண். அடுத்ததில் புல்வெளியில் பக்கத்து சீட்டுக்காரர்: "எல்லாம் நான்தான் சார்." மூன்றாவதில் அதிகாரி, தொப்பை மேல் கடலைத்தோல்: "ஷாபாஷ்." நாலாவதில் டப்பா ஊருக்கு ரயிலேறுகிறது.

பார்த்ததும் அவள் முகம் சிவந்துவிட்டது. "அக்கா, இது நான்தானே?"

"வேற யாரு? நாளைக்கு வெளியில வந்து உக்காரு."

"எனக்கு ஹிந்தி வராதேக்கா."

"கடலை உரிக்க ஹிந்தி எதுக்குடி?"

மறுநாள் வந்தாள். கையில் டப்பா இல்லை, என் படம் இருந்தது. நேரே போய் அதிகாரியிடமே நீட்டிவிட்டாள். அந்தத் தொப்பை யாருடையது என்று யாருக்கும் சந்தேகமே வராது, அவ்வளவு அச்சாக வரைந்து தொலைத்திருந்தேன்.

அவர் நாலு கட்டத்தையும் பார்த்தார். முதல் கட்டத்தில் விரலை வைத்து, "யே கௌன் ஹை?" என்றார், இது யார் என்று.

"நான்தான் சார்." தமிழிலேயே சொல்லிவிட்டாள். பிறகு இங்கிலீஷில், தான் எழுதிய கடிதங்களை ஒவ்வொன்றாக, எந்த ஃபைல், என்ன விஷயம், யாருக்குப் போனது என்று சொல்லிக்கொண்டே போனாள். பக்கத்து சீட்டுக்காரர் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார். அதிகாரி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. விரித்திருந்த ஜமுக்காளத்தில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். என் பக்கம் திரும்பி, தொப்பையைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்றார்.

அந்த மாதமே அவள் வேலை நிரந்தரமானது. எல்லோரும் என் படத்தைத்தான் மெச்சினார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் வெளியே வந்து உட்காரச் சொன்னதோடு என் படம் முடிந்துவிட்டது. வாயைத் திறக்கச் சொல்லி நான் ஒரு கட்டம்கூடப் போடவில்லை.