நாற்பத்தொரு பெயர்களில் ஒன்று

ஒரு சிக்கலை எடுத்துவிட்டால் அது அவிழும்வரை தபீதாளுக்குச் சோறு இறங்காது. மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த அசரியாவின் மூத்த மகள். கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்து, 1969இல் கிண்டியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் விவரங்களை அட்டைகளில் துளையிட்டுப் பதியும் வேலைக்குச் சேர்ந்தாள். மற்றப் பெண்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண் அயரும்போது, இவள் அலமாரியில் கிடந்த கையேட்டை எடுத்துவைத்துப் படிப்பாள். இரண்டு வருடத்தில் புரோகிராம் எழுதத் தெரிந்துவிட்டது. நிலையத்தின் மேலாளர் ராஜகோபாலன் அவளைத் துளையிடும் அறையிலிருந்து எடுத்துத் தன் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு உட்காரவைத்தார்.

1971இல் ஓர் அரசுத் துறை, டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கான தேர்வு விண்ணப்பங்களை அவர்களிடம் ஒப்படைத்தது. ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர். முதல் விண்ணப்பம் தபாலில் தொலைந்திருக்குமோ என்ற பயத்தில் பலர் இரண்டாவதும் அனுப்பியிருந்தார்கள். அப்படி இரட்டித்தவற்றை நீக்கி, ஆளுக்கு ஒரு ஹால் டிக்கெட் அச்சடித்துத் தரவேண்டும்.

ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாப் பெயரோடும் ஒப்பிட்டால் வாரக்கணக்கில் ஓடும். ஒன்பதாயிரம் பெயரையும் ஒருசேர வைத்துக்கொள்ள அந்த இயந்திரத்தின் நினைவகத்தில் இடமும் இல்லை. காலை மின்சார ரயிலில் நின்றுகொண்டே அதை மனத்தில் உருட்டிக்கொண்டு வந்தவளுக்கு, மீனம்பாக்கம் தாண்டும்போது பளிச்சென்று வழி தெரிந்தது. பெயர்களை முதலில் அகரவரிசையில் அடுக்கிவிட்டால் ஒரே பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அப்புறம் ஒவ்வொன்றையும் அதற்கு முந்தியதோடு மட்டும் பார்த்தால் போதும். நினைவகத்தில் இரண்டே பெயருக்கு இடம் இருந்தால் ஆயிற்று.

இன்னொரு தொல்லை பாக்கி இருந்தது. ஒரே ஆள் ஒரு விண்ணப்பத்தில் இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்திருப்பார், மற்றதில் வைத்திருக்கமாட்டார். இயந்திரத்துக்கு அது இரண்டு பெயர். அதனால் தபீதாள் புள்ளிகளையும் இடைவெளிகளையும் எடுத்துவிட்டு, எழுத்துகளை நெருக்கி ஒட்டவைத்தாள். பிறந்த தேதியையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று யோசித்தாள். துளையிடும்போது தேதிகளில் நிறையத் தப்பு விழுந்திருந்ததால் விட்டுவிட்டாள். பெயரும் தேர்வு மையமும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டாள். நாற்பத்தொரு பெயர்கள் இரட்டையாக விழுந்தன. ராஜகோபாலன் காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

தேர்வு முடிந்து, தேறியவர்கள் பட்டியலும் வந்தபிறகு, துறையிலிருந்து ஒரு கடிதத்தை இணைத்து விளக்கம் கேட்டார்கள். பம்மலிலிருந்து எஸ். கே. அமலா என்ற பெண் எழுதியது. தனக்கு ஹால் டிக்கெட் வரவே இல்லை, இந்த வருடத்தோடு வயது வரம்பும் தாண்டிவிடுகிறது என்று மணிமணியான கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

தபீதாள் அந்தப் பெயரை ஒருமுறைதான் படித்தாள். அலமாரியைத் திறந்து நீக்கப்பட்டவர்களின் பட்டியலை எடுத்தாள். அமலா அதில் இருந்தாள். அதே பல்லாவரம் மையத்தில் ஹால் டிக்கெட் பெற்றவர்களில் எஸ். கமலா என்று ஒருத்தி இருந்தாள். எஸ். கே. அமலா, எஸ். கமலா. ஆங்கிலத்தில் எழுதி, புள்ளியையும் இடைவெளியையும் எடுத்துவிட்டால் இரண்டுக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. மற்ற நாற்பதையும் மூல விண்ணப்பங்களோடு வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாற்பதும் சரி.

ராஜகோபாலனிடம் போய்ச் சொன்னாள்.

"விண்ணப்பம் வந்து சேரலைன்னு எழுதிடலாம்மா. தபால்ல போனது போயிருக்கும். யார் பார்த்தா?"

"வந்திருக்கு சார். இதோ, என் கையில இருக்கு."

"ஒன்பதாயிரத்துல ஒண்ணு. எக்ஸாமே முடிஞ்சு போச்சு, இப்ப ஒத்துக்கிட்டு யாருக்கு என்ன லாபம்? அடுத்த வருஷ வேலையும் நம்ம கையை விட்டுப் போயிடும். இருபது பேர் இங்க சாப்பிடறாங்க, யோசிச்சுக்கோ."

அவர் சொன்ன காரணங்களில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் அவளைக் குடைந்தது. இரண்டு நாள் யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பம்மலுக்குப் பஸ் ஏறினாள்.

கடிதத்தில் இருந்த முகவரி, தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் நெருக்கமாக இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்று. வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த அமலாவின் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மெட்டில்டா என்று பெயர்.

"யாரும்மா நீ? இன்னா வேணும்?"

அமலாவைப் பார்க்கவேண்டும், தேர்வு விஷயம் என்றாள். மெட்டில்டா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வேலை வந்துகீதா?" என்று கேட்டாள். தபீதாளுக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாம்போல இருந்தது.

உள்ளேயிருந்து அமலா வந்தாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டிருந்தாள். தபீதாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு தாளில் இரண்டு பெயரையும் எழுதி, புள்ளிகளை அடித்துக் காட்டினாள். அமலா அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிடுச்சுங்களா அக்கா?"

"இல்லம்மா. நான் எழுதினபடிதான் அது செஞ்சுது."

"நாப்பத்தோரு பேருதான்னு சொல்றீங்க. ஒருவாட்டி யாராச்சும் படிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே."

படித்துப் பார்க்க அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

மெட்டில்டாவுக்குப் பாதிதான் புரிந்தது. "ஒரு வருசமா படிச்சிகினே கெடந்துச்சு. மார்க்கெட்டுக்குக்கூட அனுப்பமாட்டேன். இப்போ வந்து பேரு ஒட்டிகிச்சுன்னு சொல்றே" என்று சொல்லிவிட்டு, வந்தவளை உட்காரச் சொல்லாமலே துணி அலசப் போய்விட்டாள்.

மறுநாள் தபீதாள் தன் பெயரில் துறைக்கு எழுதினாள். தவறு விண்ணப்பதாரருடையது அல்ல, புரோகிராம் எழுதிய தன்னுடையது. எங்கே எப்படி நேர்ந்தது என்பதையும் விளக்கி, இரண்டு விண்ணப்பங்களின் நகலையும் இணைத்தாள். எழுதியதை ராஜகோபாலனிடம் காட்டிவிட்டே அனுப்பினாள். அவர் கத்தவில்லை. அந்த வாரமே அவளுடைய மேசை எடுக்கப்பட்டது. பழையபடி துளையிடும் அறைக்கு வந்தாள். அங்கே கூட வேலைபார்த்த ஜெயசீலி, "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று ஒருநாள் கேட்டாள். பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நிலையத்துக்கு அடுத்த வருட வேலை போகவும் இல்லை.

நான்கு மாதம் கழித்து, அமலாவுக்கு வயது வரம்பைத் தளர்த்தி அடுத்த தேர்வை எழுத ஒருமுறை அனுமதிப்பதாகத் துறை உத்தரவு போட்டது. அதைச் சொல்லப் போனபோது வீட்டில் அமலாவின் அப்பா கட்டிலில் கிடந்தார். தோல் ஷாப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அமலா உத்தரவைப் படித்து, மடித்து, "எழுதறேன் அக்கா" என்றாள். புத்தகங்களை எல்லாம் பக்கத்துத் தெருப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாகவும், திரும்ப வாங்கவேண்டும் என்றும் சொன்னாள்.

1972 டிசம்பரில் அந்தத் தேர்வின் மதிப்பெண் தாள்கள் வந்தன. பல்லாவரம் மையத்தின் கட்டு தபீதாளின் துளையிடும் இயந்திரத்துக்கே வந்தது. எஸ். கே. அமலா, நூற்றுப் பதினான்கு. தேற நூற்றிருபது வேண்டும்.

முதலில் அவளுக்குள் ஓர் ஆறுதல் எழுந்தது. போன வருடம் எழுதியிருந்தாலும் தேறியிருக்கமாட்டாள், என்னால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று. அந்த எண்ணம் வந்த வேகத்தைக் கண்டு அவளே கூசிப்போனாள். போன வருடம் அந்தப் பெண்ணுக்குப் படிக்க நேரம் இருந்தது. அப்பா நடமாடிக்கொண்டிருந்தார். அந்த ஆறு மதிப்பெண் எங்கே போயிற்று என்று யாரால் சொல்லமுடியும்?

எண்ணைத் துளையிட்டு, ஜெயசீலியிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னாள். ஜெயசீலி தாளையும் அட்டையையும் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.

"இன்னொருவாட்டி பாரு."

"நூத்திப் பதினாலுதான். ஏன், தெரிஞ்சவங்களா?"

"ஆமா" என்றாள் தபீதாள். எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஈரம் காயும்வரை அங்கேயே நின்றாள்.