அண்ணாச்சியின் நெஞ்சுக்குள் கேட்ட குரல்

நீங்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை, சிரித்துக்கொள்ளுங்கள். ஆவி, அசரீரி என்று யாராவது ஆரம்பித்தால், "முதல்ல போய் ஹீமோகுளோபின் பாத்துட்டு வாங்க" என்று விரட்டுகிற டாக்டர் நான். ஆனால் இது என் காதாலேயே கேட்டது, அதுவும் பட்டப்பகலில், ஆரியசாலையில் என் கிளினிக்கில், வெளியே லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள் மலையாளத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது.

பக்கத்திலேயே 'சாலை' என்கிற கடைவீதியில் அரிசி மொத்த வியாபாரம் பார்க்கிற அண்ணாச்சி ஒருவர், பூர்வீகம் நாகர்கோவில் பக்கம், இருமலோடு வந்தார். கூட அவர் மனைவி பகவதியக்கா, அவர் கழற்றிய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். அண்ணாச்சியின் நெஞ்சைத் தட்டிப் பார்த்தேன், மூச்சை இழுத்து விடச் சொல்லிக் கேட்டேன், எல்லாம் சுத்தம். கடைசியாக முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, "தொண்ணூத்தொம்பதுன்னு சொல்லுங்க" என்றேன். இது எங்கள் வழக்கமான சோதனைதான். நல்ல நுரையீரலாக இருந்தால் சொல் தெளிவாகக் கேட்காது, வெறும் முணுமுணுப்புதான் வரும்.

அண்ணாச்சி சொன்னார். எனக்குக் கேட்டது, "இவளைப் பாரு."

தெளிவாக, பக்கத்தில் நின்று சொல்வது போல. அது அண்ணாச்சி குரல் இல்லை, ஆணா பெண்ணா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குழாயை இடம் மாற்றி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதேதான். காதிலிருந்து கழற்றிவிட்டு, "அக்கா, இவங்க இப்ப என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"தொண்ணூத்தொம்பதுன்னுதானே சொன்னாவ?" என்று அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது, "அக்கா, நீங்க வந்து உக்காருங்க" என்றேன்.

"இருமலு எனக்குல்லா! அவளை என்னத்துக்குப் பாக்கிய?" என்றார் அண்ணாச்சி.

"எனக்கு ஒரு குழப்பமும் இல்ல டாக்டரம்மா, நல்லாத்தான் இருக்கேன். மாடி ஏறினா கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்" என்றார் அக்கா.

முதுகைத் தட்டினேன். வலது பக்கம் மேலே நன்றாக வந்த சத்தம், பாதிக்குக் கீழே அரிசி மூட்டையைத் தட்டியது போல அமுங்கிப் போனது. அங்கே மூச்சுச் சத்தமே இல்லை. அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்க வைத்தேன், நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள், காசநோய். மனுஷி ரொம்ப நாளாகவே மூச்சுத் திணறலை மறைத்திருக்கிறார், இவர் பயந்துவிடுவார் என்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ இல்லேன்னா எனக்கு ஆரு இருக்கா டாக்டரம்மா?" என்று குழந்தை மாதிரி அழுதார்.

மாத்திரைகள் எல்லாம் முடிந்த பிறகு அக்கா வந்தார். எக்ஸ்ரே சுத்தம், முதுகைத் தட்டினால் இரண்டு பக்கமும் ஒரே சத்தம். தயங்கித் தயங்கி அவரையும் தொண்ணூத்தொம்பது சொல்லச் சொன்னேன். நல்ல நுரையீரலின் முணுமுணுப்பு மட்டும்தான் வந்தது. அப்பாடா! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது, நம்பினால் நம்புங்கள்.

அண்ணாச்சி இப்போதும் இருமல் என்றால் என்னிடம்தான் வருவார். தட்டிப் பார்ப்பேன், மூச்சைக் கேட்பேன், அதோடு சரி. போன மாதம் அவரே கேட்டுவிட்டார்.

"அந்த நம்பரைச் சொல்லச் சொல்லவே மாட்டேங்கியளே, மறந்துட்டியளா?"

"வேண்டாம் அண்ணாச்சி" என்று அவசரமாகச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் தனியாக வந்திருந்தார். அறையில் பெண் என்று இருந்தது நான் ஒருத்திதான்.