கூப்பிட்டால்தான் உள்ளே

என் தங்கச்சி ஜெயலெட்சுமியின் புருஷன் புவனேந்திரன். இலங்கையில் நமுனுகுல பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன். இப்போது மஸ்கட்டில் ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூலுக்கு பஸ் ஓட்டுகிறான். தங்கச்சி அங்கேயே ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிறாள், லீவு கிடையாது. டிரைவர்மார் பிள்ளைகளில் ஒன்றுக்கு அந்த ஸ்கூல் சும்மா சீட் கொடுக்கும். அந்தச் சீட்டில்தான் அவர்கள் மகள் தயானி நாலாம் வகுப்பு படிக்கிறாள்.

போன பெப்ரவரியில் ஸ்கூலிலிருந்து கடுதாசி வந்தது. டீச்சரைச் சந்திக்கச் சொல்லி இரண்டு தடவை நாள் குறித்தும் பெற்றோர் வரவில்லையாம். மூன்றாவது தடவையும் வராவிட்டால் சீட்டை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

அவன் இரண்டு தடவையும் போயிருக்கிறான். சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, அரை மணி முந்தியே போய் வகுப்புக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறான். ஒருத்தரும் கூப்பிடவில்லை. பஸ் எடுக்கிற நேரம் வந்ததும் திரும்பிவிட்டான்.

போனில் நல்லா ஏசினேன்.

"மாப்ள, கதவத் தள்ளிக்கிட்டு உள்ள போறதுக்கு என்னா? உள்ள புலியா இருக்கு?"

"கூப்பிடாம எப்படி மச்சான் போறது?"

அதற்கு மேல் என்னால் ஏச முடியவில்லை. எங்கள் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் பேர் சொல்லிக் கூப்பிடும் வரைக்கும் படிக்குக் கீழேதான் நிற்க வேண்டும். மழை பெய்தாலும் அதுதான். அவன் அப்பா சின்னராசா ஒரு தடவை, காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டு எழுதி வாங்கப் போனவர், கூப்பிடும் முன்னே உள்ளே காலை வைத்துவிட்டார். அத்தனை பேர் முன்னாலும் ஏச்சு வாங்கினார். அந்தக் காய்ச்சல் பிள்ளை இவன்தான்.

மூன்றாவது தடவை நாலு பத்துக்கு வரச் சொன்னார்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம். இவன் மூன்றரைக்கே போய் நின்றுவிட்டான். நாலு பத்தும் தாண்டியது. கேட்டில் காவலுக்கு நிற்கிற மஹ்ரூப், எங்கள் பக்கத்துப் பண்டாரவளைக்காரர், அந்தப் பக்கம் வந்தார்.

"இன்னும் இங்கயா நிக்கிறீங்க? தூணுன்னு நெனச்சி பெயின்ட் அடிச்சிரப் போறானுங்க. போங்க உள்ள!"

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனபோது மூன்று நிமிஷம்தான் மிச்சம். தயானியின் டீச்சர் றமீலா மிஸ் கொழும்புக்காரி, தமிழ் பேசுவார். பிள்ளைகள் உட்காருகிற குட்டிக் கதிரையைக் காட்டினார். நுனியில் உட்கார்ந்தான்.

"தயானி நல்லா எழுதுறா. ஆனா வகுப்பில வாயே திறக்கிறதில்ல. பதில் தெரிஞ்சாலும் கை தூக்க மாட்டா. பேர் சொல்லிக் கூப்பிட்டா மட்டும்தான் பேசுவா. வீட்ல ஏதும் பயமா?"



"பயம் இல்ல மிஸ். நான்தான் அப்பிடிப் பழக்கிட்டேன்."

"முந்தி ரெண்டு தரமும் நீங்க வரல்லையே?"

"வந்தேன் மிஸ். வெளிய நின்னேன்."

மிஸ் கதவைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், தாளில் என்னமோ எழுதினார். அதற்குள் அடுத்த பிள்ளையின் அப்பா தட்டாமலே உள்ளே வந்துவிட்டான்.

இன்னும் ஒரு வருஷத்துக்குச் சீட் கிடைத்தது. பிள்ளை வாயைத் திறக்கிறாளா என்று பார்த்துத்தான் அதற்குப் பிறகு கொடுப்பார்களாம்.

ஆகஸ்ட் லீவில் அப்பாவும் மகளும் ஊருக்கு வந்தார்கள். விலாசத்தை உறுதிப்படுத்த ஒரு கடிதம் வாங்க மூன்று பேரும் தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். கதவு திறந்துதான் இருந்தது. நானும் அவனும் படிக்குக் கீழே நின்றோம்.

"அப்பா, உள்ள போகல்லையா?"

"இரும்மா, கூப்பிடுவாங்க."

தயானி ஒரு படி ஏறினாள். எங்கள் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.



"நீ போம்மா," என்றான் புவனேந்திரன். அவள் போகவில்லை.