அரோகராவில் மாறிய வேகம்

எங்கள் தீவின் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு செய்தவர் நெட்டையான கிரியோல் இனக் கிறிஸ்தவர். எந்த விசையைத் தொடும் முன்பும் கழுத்துச் சிலுவையை எடுத்து முத்தமிடுவார்.

காவடிக்காக எங்கள் ரோஸ் பெல் கோயில் பெண்கள் பாடியதை அன்று பதிவு செய்தார். அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு, அவர்களை அழைத்து வந்த நானும் அவரும் நாடாவைப் போட்டுக் கேட்டோம். நடுவில் ஒரு சரணம் மட்டும் எலிகள் கீச்சிடுவதுபோல் ஓடியது. பதிவின்போது வேக விசையில் யார் கையோ பட்டிருக்கிறது. மாலையில் ஒலிபரப்பு, ஊரே காத்திருக்கும்.

"பா திராக்காசே, மிஸ்யே," கவலைப்படாதீங்க ஐயா என்றார் கிரியோல் மொழியில். பாட்டை வேறு நாடாவில் பிடிக்கும்போது அந்தச் சரணத்தை மட்டும் வேகம் குறைத்து ஓட்டிவிடலாமாம். எந்தச் சொல்லில் வேகத்தை மாற்றுவது என்று கேட்டார்.

"அரோகரா சொன்னதும்," என்றேன்.

முதல் முறை, அவர் சிலுவையை முத்தமிடுவதற்குள் அரோகரா போய்விட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை சிலுவையை விட்டுவிட்டார். பெண்களோடு சேர்ந்து தாமே "அரோகரா!" என்று உரக்கச் சொல்லி விசையைத் தட்டினார். எலிகள் போய்ப் பெண்கள் வந்துவிட்டார்கள். சரணம் முடிந்த இடத்திலும் ஓர் அரோகரா, ஒரு தட்டு.

பிறகு அவர் சிலுவையை எடுத்து இரண்டு முத்தம் கொடுத்தார். நன்றி சொன்னாரா, மன்னிப்புக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.