பூட்டிக்கொண்ட மணிச்சத்து

என் நாத்தனாரை எல்லோரும் ‘புல்லக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூடிவிட்ட சுரங்கத்தின் மண்மேட்டில் புல் வளர்ப்பதுதான் ஒன்பது வருடமாக அவள் வேலை. விதை தூவும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். என்ன வேண்டுகிறாய் என்று கேட்டால், “ஒட்டிக்கோன்னு சொல்றேன்” என்பாள்.

அந்த வருடம் மூன்றாம் சரிவில் புல் விரல் உயரத்தோடு நின்றுவிட்டது. இலையெல்லாம் ஊதா நிறம். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், கிடைக்காவிட்டால் அப்படித்தான் ஆகும். மேஸ்திரி நேரே உரக் கிடங்குக்காரரிடம் போனார்.

“உர மூட்டையை யாருக்குய்யா வித்தே? அதிகாரி வந்துக்கிட்டிருக்காரு. சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பு.”

“ஒரு பிடிகூட எடுக்கலைங்க!” கிடங்குக்காரர் சாவியை மேஸ்திரியிடம் நீட்டினார்.

அதிகாரியோடு மண் பரிசோதிக்கும் பெண்ணும் வந்தாள். “மணிச்சத்து மண்ணுல நிறையவே இருக்கு சார். ஆனா பூட்டிக்கிச்சு. வேரால எடுக்க முடியல.”

“இருந்தா ஏன் வளரல? இவனைக் காப்பாத்தப் பாக்கறீங்களா?” என்றார் மேஸ்திரி.

நாத்தனாருக்கு உடனே புரிந்துவிட்டது. அமிலம் ஏறிப் புளித்த மண்ணுக்கு முதலில் சுண்ணாம்பு, சில வாரம் கழித்துத்தான் உரம். மேட்டில் இரண்டு நடை ஏற முழங்கால் இடம் கொடுக்காமல், அவள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து தூவியிருந்தாள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த மனிதர் திருடனாவார்.

“கடவுளே” என்று முணுமுணுத்துவிட்டு முன்னால் வந்தாள். “நான்தாங்க. சுண்ணாம்பையும் உரத்தையும் ஒரே சட்டியில கலந்துட்டேன். இவரு மேல பழி போடாதீங்க.”

“சட்டியில கலக்க அது என்ன சிமெண்டா?” என்று கத்தினார் மேஸ்திரி.

“எப்போ கலந்தீங்க?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“தூவறதுக்கு முந்தின நாளே, கண்ணு.”

“அதான் சார். சுண்ணாம்பு மணிச்சத்தைப் பிடிச்சுக்கிட்டு, சட்டியிலேயே பூட்டு விழுந்துடுச்சு.”

அதிகாரி மேஸ்திரியிடமிருந்து சாவியை வாங்கிக் கிடங்குக்காரரிடமே கொடுத்தார். பிறகு நாத்தனாரைப் பார்த்தார். “சரிவு முழுக்க நீங்களே மறுபடி உரம் போடணும். விதைக்கு அடியில, வரிசையா. பெருமழைக்குள்ள புல் பிடிக்கலைன்னா வேலை கிடையாது.”

கிடங்குக்காரர் உர மூட்டையைத் தானே சுமந்து வந்தார். “சுண்ணாம்பு மட்டும் கேக்காதே, புல்லக்கா.” அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

விதைத்து, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். கடவுள்தான் பெருமழையை ஒரு மாதம் தள்ளி வைத்தார் என்று நினைக்கிறேன். அது கொட்டித் தீர்த்த மறுநாள் அதிகாரி வந்தார். ஒரு கொத்துப் புல்லைப் பிடித்து இழுத்தார். மூன்று இலைதான் அறுந்து வந்தது. வேர் வரவில்லை.

“நாலாம் சரிவையும் நீங்களே பாத்துக்கங்க” என்றார்.