பந்துக்குப் பார்த்த சாதகம்

பிள்ளைகள், மனோர் பார்க் மண்டபத்துப் பின்னறையில் எங்கள் கூடைப்பந்துக் கழகத்தின் தலைவர் மட்டன் ரோல் ஒன்றைக் கடித்துக்கொண்டு, "எங்களுக்கு ஆள் வேண்டாம், அவன்ர கை மட்டும் போதும்" என்று சொன்ன மத்தியானம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ரோலின் எண்ணெய் அவருடைய நாடியில் வழிந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா ஏன் இப்போது அந்த மண்டபப் பக்கம் போவதில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. வாயால் சொல்லப் போனால் கோபம் முந்திக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கை, சுவிஸிலிருந்து வந்து குட்மேய்ஸில் தமக்கையோடு இருந்த ஒரு தம்பியின் கை. அவர் வெஸ்ட் ஈலிங் கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். பந்து அவர் கையை விட்டுப் போகும்போது ஒரு அவசரமும் இருக்காது. பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல மெதுவாக வலைக்குள் இறங்கும். ஆனால் தகப்பன் செத்த பிறகு ஆள் ஆளாக இல்லை. ஒருநாள் கதிரையை உதைத்தார். இன்னொரு நாள் ஆட்டத்தின் நடுவில் சட்டையைக் கழற்றிப் பயிற்சியாளரின் முகத்தில் எறிந்துவிட்டு, நிலத்தில் குந்தி அழுதார். வெஸ்ட் ஈலிங்காரர் களைத்துப்போனார்கள். "உங்கட நெட்டையனைத் தாங்கோ, இவரைக் கொண்டுபோங்கோ. இல்லையெண்டால் இந்த வருசம் இவருக்கு இடமில்லை" என்றார்கள். எங்கள் நெட்டையன் கலியாணம் கட்டி அந்தப் பக்கம் குடிபோனவர். அவருக்கும் போக நல்ல விருப்பம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

எங்கள் ஆட்களுக்கு இருந்தது. தலைவர் பந்தை ஒருநாளும் கையால் தொட்டவரில்லை. தன் கடையில் பெட்டி பெட்டியாக விற்றிருக்கிறார், அவ்வளவுதான். செயலாளர் கூடைப்பந்து ஆட்டத்திலும் கிரிக்கெட் மாதிரி "நோ போல்" என்று கத்தக்கூடியவர். கரை வாங்கில் குந்தியிருந்து பிளாஸ்கில் தேத்தண்ணி குடிக்கிற மற்ற ரசிகர்களும் கூடிவிட்டார்கள்.

"கெட்டிக்காரன்தான், ஆனால் மண்டை பிழை."

"மண்டை பிழையெண்டாலும் பந்து சரியாத்தானே ஐசே போகுது!"

"நாளைக்குக் கோப்பையைத் தூக்கி உம்மட தலையில போட்டால் அதுவும் சரியாத்தான் வந்து விழும்."

"சத்தம் போடாதேங்கோ. முதல்ல ஆற்ற பெடியன், என்ன ஊர் எண்டு விசாரிப்பம்."

கடைசியாகச் சொன்னவர் செயலாளர். எங்கள் சனத்துக்கு ஒரு மனிதரை விசாரிக்க ஒரேயொரு வழிதான் தெரியும். அவர் தமக்கைக்குப் போன் எடுத்து, "தங்கச்சி, உங்கட தம்பியைப் பற்றி ஒரு விசயமா விசாரிக்கிறம்" என்று தொடங்கினார். தகப்பன் ஆர், தாய் எந்தப் பகுதி, ஏதும் வருத்தம் இருக்கோ, பிறந்த நேரம் என்ன? பந்து என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. அந்தப் பிள்ளை வேறு எதை நினைக்கும்? வருத்தம் ஒன்றுமில்லை என்று சொல்லி, சாதகத்தையும் கோட் போட்ட படத்தையும் அனுப்பிவிட்டது. தலைவர் சாதகத்தைச் சாத்திரியிடம் கொண்டுபோய்க் காட்டி, ஏழரைச் சனி என்று அறிந்து வந்தார். செயலாளரோ சூரிச்சில் ஆரையோ பிடித்து, தம்பி மனவருத்தத்துக்குக் குளிசை போடுகிறார் என்று கண்டுபிடித்தார். "மறைச்சுப்போட்டினம்!" என்று பின்னறையில் ஒரே கூக்குரல். பெரிய களவைப் பிடித்தவர்களின் சந்தோசம் அவர்கள் முகத்தில் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில், செயலாளரோடு என்னைக் கண்டிருந்த தமக்கை என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, வெட்கத்தோடு கேட்டா: "அண்ணை, பொம்பிளை என்ன படிச்சவ?"

இது பொம்பிளைக்கு இல்லை, பந்துக்குத்தான் என்று நான் உண்மையைச் சொன்னேன். அவ குனிந்து வாசலில் கிடந்த தன் செருப்பைத் தேடி மாட்டினா. "டொக்டர் சொன்னவர், விளையாட்டை மட்டும் விட விடாதேங்கோ எண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அண்ணை அவன் தானா எழும்பி முகம் கழுவுறவன். இதுவும் இல்லையெண்டால் எனக்குப் பயமாக் கிடக்கு."

அடுத்த கூட்டத்தில் இதை அப்படியே சொன்னேன். கலியாணம் பேசுவதுபோலக் கேட்டால் எந்தத் தமக்கையும் மறைக்கத்தான் செய்வா என்றும் சொன்னேன். தலைவர் கடதாசியால் விரலைத் துடைத்தார். "பாவம்தான். ஆனால் ஐசே, இது கழகம், ஆசுப்பத்திரி இல்லை." வேண்டாம் என்று என் கையைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. பந்தைப் பிடிக்க உயராத கைகள். அதன் பிறகு ஒவ்வொரு முறை தோற்கும்போதும், "ஆளை எடுத்திருக்கலாம், நான் அப்பவே சொன்னனான்" என்று அதே வாங்கிலிருந்து அதே வாய்கள் சொல்லின. அவர்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை. பேச்சு மிஞ்சினால் போதும். உங்கள் அணியிலும் நாளைக்கு அப்படி ஒருவர் வருவார் பிள்ளைகள். அவர் சட்டையை எறிந்தால் எடுத்துக் கொடுங்கள். விசாரிக்கப் போகாதீர்கள்.

அந்தக் கூட்டம் முடிந்த இரவே நான் அந்தத் தம்பிக்கு ஒரு மெசேஜ் போட்டேன்: "ஞாயிறு காலமை குட்மேய்ஸ் பார்க்கில நிக்கிறன். எனக்கு விளையாட ஏலாது, பந்து பொறுக்கித் தரலாம்." பதில் வரவில்லை.

ஆனாலும் அந்த ஞாயிறு, நீங்கள் எழும்ப முதல், வீடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு தனியாகப் பார்க்குக்குப் போனேன். இரவு மழை பெய்திருந்தது. கூடைக்குக் கீழே ஈர இலைகள் தார்த்தரையோடு ஒட்டிக் கிடந்தன. அவர் வந்து கால் வைத்தால் வழுக்கும். ஒரு கரையிலிருந்து தொடங்கி, வெள்ளைக்கோடு தெரியுமட்டும் கூட்டினேன்.